ஊசியா, தட்டா, நாடாவா? பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் குறை கண்டுபிடிக்கும் முறை

பல மாதம் தேடிய தட்டு கைக்கு வந்திருக்கும். உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊசியை இறக்குவோம். டிரம்பெட் உயரும் இடத்தில் ஒலி கிழியும். அல்லது பியானோவின் சுருதி ஆடும். அல்லது குறை என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது, ஆனால் வாசிப்பில் உயிர் இருக்காது. உடனே விற்றவர் மேல் கோபம் வரும். இல்லையென்றால் "அறுபது வருஷத் தட்டு, இப்படித்தான் இருக்கும்" என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். இரண்டுமே அவசரம். குறை எங்கே பிறந்தது என்று அப்போது நமக்குத் தெரியாது.

பிறக்கக்கூடிய இடங்கள் ஐந்து. ஸ்டுடியோவில் ஓடிய நாடா. நாடாவிலிருந்து லாக்கர் தட்டில் (ஆலைக்கு அனுப்பும் மூலத் தட்டில்) பள்ளம் வெட்டிய மேசை. வினைலை அழுத்திய ஆலை. அதன் பிறகு தட்டு வாழ்ந்த வீடுகள். கடைசியாக உங்கள் டர்ன்டேபிள். நாடாவில் பிறந்தது பெரும்பாலும் எல்லா அச்சிலும் (வெளியீட்டிலும்) வரும். வெட்டும்போது பிறந்த குறைக்கு வேறொரு அச்சைத் தேடுவதுதான் வழி. ஆலையில் பிறந்தது என்றால் அதே அச்சின் இன்னொரு பிரதி போதும். பழைய வீடுகளில் பட்ட காயத்துக்குச் சில சமயம் கழுவல் உதவும், பல சமயம் எதுவும் உதவாது. உங்கள் வீட்டில் பிறந்த குறைக்குக் காசே செலவில்லை. அதனால் தேடலை எப்போதும் கடைசி இடத்திலிருந்து தொடங்குங்கள்: ஊசி முனையில் பஞ்சுபோல் தூசு சேர்ந்திருக்கிறதா, ஊசியின் எடை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா, நன்றாக ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறொரு தட்டில் அதே குறை கேட்கிறதா. இந்த மூன்றையும் பார்க்காமல் கீழே உள்ள எதற்கும் போகாதீர்கள்.

"டக்... டக்... என்று சீராக அடிக்கிறது"

கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால், பள்ளங்களைக் குறுக்கே வெட்டும் ஒரு கீறல் இருக்கிறது. எத்தனை முறை அடித்து ஓய்கிறது என்று எண்ணினால் கீறலின் நீளமும் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து அடியோடு நின்றால் என் தட்டாக இருந்தாலும் வைத்துக்கொள்வேன். மெதுவாகப் போகும் பாடலின் நடுவில் ஒரு நிமிடம் முழுக்க அடித்தால் மனம் ஒட்டாது.

இடைவெளி ஒழுங்கில்லாமல் படபடவென்று வந்தால் அது தூசு அல்லது நிலைமின்சாரம், கழுவிவிட்டுப் பேசலாம்.

புத்தம் புதிய, கனமான மறுவெளியீட்டுத் தட்டில் துணி கிழிவதுபோல் "சர்ர்ர்" என்று சில விநாடிகள், பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் அது வேறு கதை. ஆலையில் உருகிய வினைல் பள்ளத்தின் ஒரு சுவரை முழுதாக நிரப்பவில்லை. சாய்வான வெளிச்சத்தில் அந்த இடம் மங்கலான புள்ளிவரிசையாகத் தெரியலாம். எத்தனை முறை கழுவினாலும் போகாது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அதே தொகுதியில் அழுத்திய அடுத்த பிரதியிலும் அதே இடத்தில் அதே குறை இருக்க வாய்ப்புண்டு. எனவே சில மாதம் விட்டு வாங்குவது நல்லது.

"பார்க்கப் பளபளப்பு, ஓடவிட்டால் இரைச்சல்"

முதலில் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீர், அதில் சில துளி நுரைக்காத ஈரமாக்கி (நீரைப் பள்ளத்துக்குள் பரவவிடும் திரவம்), பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான தூரிகை. பிறகு வெறும் வடிநீரில் ஒருமுறை அலசல். அலசலைத் தவிர்த்தால் கரைந்த அழுக்கு அதே பள்ளத்தில் காய்ந்து நிற்கும், இரைச்சல் முன்பைவிடக் கூடும். வினைல் தட்டுக்குச் சிறிதளவு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலப்பவர்கள் உண்டு. 78 சுற்று ஷெல்லாக் தட்டு கையில் இருந்தால் மட்டும் ஆல்கஹாலைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், ஷெல்லாக் அதில் கரையும்.

கழுவிய பிறகும் இரைச்சல் மாறவில்லை, அதுவும் தட்டின் மேல் மெல்லிய பனிமூட்டம் போன்ற படலம் தெரிகிறது என்றால், முன்பு அது இருந்த உறையை நினைத்துப் பாருங்கள். மென்மையான பிவிசி நெகிழி உறைகளிலிருந்து நெகிழ்வூட்டும் ரசாயனம் கசிந்து, வருடக்கணக்கில் தட்டின் மேற்பரப்பைத் தாக்கும். நான் பார்த்தவரை இதற்கு மருந்து கிடையாது. மற்ற தட்டுகளையாவது காப்பாற்றலாம்: பிவிசி உறைகளை அகற்றி, பாலிஎதிலீன் உள்ளுறைகளுக்கு மாற்றுங்கள்.

"டிரம்பெட் உச்சம் தொடும்போது கிழிகிறது"

ஜாஸ் தட்டு சேர்ப்பவரை அதிகம் வாட்டும் குறை இது. காரணங்கள் மூன்று. மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். பிரித்துப் பார்க்க நிதானம் வேண்டும்.

எந்த இடத்தில் கிழிகிறது என்று பாருங்கள். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர். லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 ஆகிவிடும். அதே அளவு ஒலியை அரைப்பங்குக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் அலைகள் நெருக்கமாகும், ஊசி திணறும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலும் கிழிந்து, முதல் பாடல் தெளிவாக இருந்தால், அதுவும் வெவ்வேறு தட்டுகளில் இப்படியே இருந்தால், கார்ட்ரிட்ஜின் கோணம் சரியில்லை என்றுதான் அர்த்தம். அளவுத்தாள் வைத்து மீண்டும் பொருத்துங்கள். பல வருடம் "தேய்ந்த தட்டு" என்று ஒதுக்கி வைத்திருந்த நான்கைந்து தட்டுகள், கார்ட்ரிட்ஜை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியதும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அன்று இரவு நான் தூங்கவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளி ஓரத்தில்கூடக் கிழிகிறது, மற்ற தட்டுகள் சுத்தமாக ஒலிக்கின்றன என்றால் பள்ளம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 1950களின் வீட்டு பிளேயர்களில் ஊசி இன்று நாம் வைப்பதைவிடப் பல மடங்கு எடையோடு அழுத்தியது. தேய்ந்த ஊசியை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. தேய்மானத்துக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. மெதுவான வாசிப்பில் எல்லாம் நன்றாக இருக்கும். பித்தளைக் கருவியோ பியானோவின் பலத்த அடியோ வரும்போது மட்டும் அந்தச் சுரத்தைச் சுற்றி மணல் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். தட்டின் நிறமும் சொல்லும்: பலத்த ஒலி உள்ள வளையங்கள் கருமை குறைந்து சாம்பல் பூத்திருக்கும்.

இங்கே ஒரு நம்பிக்கை மிச்சமிருக்கிறது. பழைய கூம்பு வடிவ ஊசி பள்ளச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசித் தேய்த்திருக்கும். இன்றைய மெல்லிய விளிம்பு ஊசிகள் வேறு உயரத்தில் தொடும். அந்தப் பகுதி இன்னும் பழுதாகாமல் இருக்கலாம். ஆகவே ஒரு ஊசியில் தோற்ற தட்டை நண்பர் வீட்டில் வேறு வடிவ ஊசியில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் கைவிடாதீர்கள். எல்லாத் தட்டும் இப்படிப் பிழைப்பதில்லை, சிலது பிழைக்கிறது.

மூன்றாவது காரணம் வெட்டும் மேசையிலோ நாடாவிலோ இருக்கும். அன்றைய ஒலிப்பதிவில் மைக்கே தாங்காமல் உடைந்த சுரங்கள் உண்டு. அவை எல்லா அச்சிலும், சிடியிலும், அதே இடத்தில் உடையும். வேறொரு வடிவத்தில் அதே நொடியைக் கேட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. நாடாவிலேயே உள்ளது என்று தெரிந்த பிறகு அதற்காக மூன்றாவது பிரதி வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பள்ளத்தின் உள்வட்டச் சிக்கலை அடியோடு குறைக்க விரும்புபவர்களுக்கு 45 சுற்றில் வெட்டிய இரட்டைத் தட்டு மறுவெளியீடுகள் இருக்கின்றன. பள்ளம் ஓடும் வேகம் 35 சதவீதம் கூடும். ஒவ்வொரு பக்கத்திலும் லேபிள் அருகே போக வேண்டிய தேவையும் குறையும். பதினைந்து நிமிடத்துக்கு முன்பே எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"சுருதி ஆடுகிறது; சுருதி ஏறி நிற்கிறது"

இரண்டும் வேறு வேறு.

ஆடுவது என்றால், நீண்டு ஒலிக்கும் பியானோ சுரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஊசிக்கையை மேலிருந்து பாருங்கள். அது இடமும் வலமுமாக அசைந்தால் நடுத்துளை மையத்தில் இல்லை. அரை மில்லிமீட்டர் விலகினாலே, உள்வட்டத்தில் சுருதி முக்கால் சதவீதத்துக்கு மேல் ஏறவும் இறங்கவும் செய்யும். சாக்ஸபோனில் இது அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அந்தக் கருவியில் அசைவு இயல்பு. பியானோ காட்டிக்கொடுத்துவிடும். இது ஆலைக் குறை, இன்னொரு பிரதியில் இருக்காமல் போகலாம். துளையைச் சற்றே பெரிதாக்கித் தட்டை நகர்த்தி மையப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மறுவெளியீட்டில் செய்யலாம், அரிய முதல் அச்சில் நான் கைவைக்க மாட்டேன்.

ஏறி நிற்பது என்றால், முழுப் பக்கமும் சீராக உயர்ந்த சுருதியில் இருக்கும். எல்லாத் தட்டிலும் அப்படி என்றால் உங்கள் மோட்டார் வேகமாக ஓடுகிறது; ஸ்ட்ரோப் அட்டை (சுழலும் வேகத்தைக் காட்டும் கோடு போட்ட அட்டை) வைத்துச் சரிபாருங்கள். ஒரே ஒரு தட்டில், அதுவும் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ தட்டின் முதல் பக்கத்தில் என்றால், உங்கள் டர்ன்டேபிளைத் தொட வேண்டாம். 1959 மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் அந்தப் பக்கம் பதிவானபோது முதன்மை நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திருப்பி ஓட்டும்போது இசை சுருதி ஏறிவிட்டது. பக்கவாத்தியமாகக் கூடவே வாசித்துப் பழகியவர்களுக்கு அது நெருடியது. ஏப்ரல் 22ஆம் தேதி பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் குறை இல்லை. மார்ச் 2 அன்று இன்னொரு இயந்திரத்தில் சரியான வேகத்தில் ஓடிய காப்பு நாடாவை வைத்து 1992இல்தான் சரிசெய்யப்பட்ட வெளியீடு வந்தது.

ஆக, முதல் அச்சு வைத்திருப்பவரிடம் இருப்பது தவறான சுருதி. பின்னாளைய மறுவெளியீடு வைத்திருப்பவரிடம் இருப்பது அன்று அறையில் ஒலித்த சுருதி. எது "அசல்" என்று கேட்டால், எனக்கு இரண்டும் வேண்டும். உலகம் முப்பது வருடம் காதலித்தது அந்த ஏறிய சுருதியைத்தான். அதே தட்டின் ஆரம்ப அச்சுகளில் இரண்டாம் பக்கத்துப் பாடல் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருக்கும். உங்கள் பிரதியில் அப்படி இருந்தால் அது போலி அல்ல, ஆரம்ப கால அடையாளம்.

"மோனோ தட்டில் இரைச்சல் அதிகம்" / "ஸ்டீரியோவில் நடுவில் ஓட்டை"

மோனோ (ஒற்றைத்தட) பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பதெல்லாம் தூசும் தேய்மானமும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்துப் படிக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். செங்குத்து இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறையும். முதல்முறை கேட்பவர்கள் தட்டையே மாற்றிவிட்டதாக நினைப்பார்கள். பொத்தான் இல்லையென்றால் மோனோ கார்ட்ரிட்ஜ் பற்றி யோசிக்கலாம். பழைய காலத்து மோனோ கார்ட்ரிட்ஜ்கள் மேலும் கீழும் வளையாது, அவற்றை ஸ்டீரியோ தட்டில் ஓட்டினால் பள்ளம் நாசமாகும். இதை மட்டும் மறக்கக் கூடாது.

ஸ்டீரியோ எல்பிக்கள் 1958இல் பரவலாக வரத் தொடங்கியபோது, ஊதுகருவிகள் முழுக்க இடது பக்கம், டிரம்ஸ் முழுக்க வலது பக்கம் என்று பிரிந்து நிற்கும் பதிவுகள் நிறைய வந்தன. நடுவில் வெறுமையாக இருப்பது உங்கள் இணைப்பின் குறை அல்ல. அது பதிவான விதம். ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் 1950களின் இறுதியில் இரட்டைத்தட நாடாவில் பதிந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அவர் மோனோவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் பதிந்த ப்ளூ நோட் நிறுவனத்தின் அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றில் மோனோ எல்பி என்பது அதே இரட்டைத்தட நாடாவை ஒன்றாகக் கூட்டியது. அதாவது ஸ்டீரியோ பிரதி வாங்கி மோனோ பொத்தானை அழுத்தினாலும் ஏறக்குறைய அதே இசையை நெருங்கலாம். மோனோ முதல் அச்சுக்குப் பெரும் தொகை கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இரண்டுக்கும் இடையில் ஒரு தீய பிறவி இருக்கிறது. உறையில் "எலக்ட்ரானிக்கலி ரீசானல்ட் ஃபார் ஸ்டீரியோ" என்றோ, கேபிடல் நிறுவனத் தட்டு என்றால் "டியோஃபோனிக்" என்றோ போட்டிருக்கும். மோனோ நாடாவை எடுத்து, ஒரு பக்கம் அடிநாதத்தையும் மறுபக்கம் மேல்நாதத்தையும் தூக்கி, சிலவற்றில் ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, எதிரொலி சேர்த்துச் செய்த செயற்கை ஸ்டீரியோ. கிணற்றுக்குள் நின்று வாசிப்பதுபோல் கேட்கும். மோனோ பொத்தானை அழுத்தினாலும் தாமதப்பட்ட ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுவதால் முழுதாகக் குணமாகாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

"1950களின் தொடக்கத் தட்டு மந்தமாக அல்லது கூர்மையாகக் கேட்கிறது"

தட்டு வெட்டும்போது அடிநாதத்தைக் குறைத்து மேல்நாதத்தைக் கூட்டி எழுதுவார்கள். ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கித் தரும். இந்த அளவுக்குப் பொதுவான விதியாக ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) வளைவு அமெரிக்காவில் வந்தது 1954இல். அதற்கு முன் ஆளுக்கொரு வளைவு. ஆர்ஐஏஏ 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கிறது. கொலம்பியாவின் பழைய எல்பி வளைவு 16 டெசிபல் எதிர்பார்க்கும், ஏஇஎஸ் (ஒலிப் பொறியாளர் சங்கம்) வளைவு 12தான். எனவே பழைய கொலம்பியா தட்டு இன்றைய கருவியில் இரண்டு டெசிபலுக்கு மேல் கூர்மையாகவும், ஏஇஎஸ் தட்டு சற்று மங்கலாகவும் ஒலிக்கும். டிரெபிள் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். அந்தக் காலத்து 10 அங்குலத் தட்டுகளை நிறையச் சேர்ப்பவர்தான் வளைவு மாற்றும் வசதியுள்ள ஃபோனோ பெட்டி (தட்டின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குத் தயார்செய்யும் கருவி) வாங்க வேண்டும்.

"லேபிள் சரி, முகவரி சரி, ஆனால் முதல் அச்சு இல்லை என்கிறார்கள்"

நானே இதில் விழுந்தவன். சேர்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு ப்ளூ நோட் தட்டை, லேபிளில் "நியூயார்க் யுஎஸ்ஏ" என்று இருந்ததை மட்டும் நம்பி முதல் அச்சு விலைக்கு வாங்கினேன். வீட்டில் வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது, பாடல் முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில் இருக்க வேண்டிய ஒரு சின்னக் குறி இல்லை. அந்த வளையத்தைச் சேர்ப்பாளர்கள் டெட்வாக்ஸ் என்பார்கள். லேபிளும் உறையும் சொல்லாததை அது சொல்லும்.

ப்ளூ நோட்டை உதாரணமாக எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். 1939இல் ஆல்ஃபிரட் லயன் தொடங்கிய நிறுவனம் இது.

முதலில் லேபிளில் உள்ள முகவரி. 767 லெக்சிங்டன் அவென்யூ என்பது பழையது. 1957 முதல் 47 மேற்கு 63ஆம் தெரு. 1960களின் தொடக்கத்தில் வெறும் "நியூயார்க் யுஎஸ்ஏ". 1966 முதல் "லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் பிரிவு" என்ற வாசகம், ஏனென்றால் நிறுவனம் லிபர்ட்டிக்கு விற்கப்பட்டுவிட்டது. மேற்கு 63ஆம் தெரு லேபிள்களிலேயே, நிறுவனப் பெயருக்குப் பின் "இன்க்" என்ற சொல்லும் பதிவு முத்திரையும் இல்லாதவை முந்தியவை. 1959 வாக்கில்தான் அவை சேர்ந்தன.

இரண்டாவது, நான் தவறவிட்ட குறி. 1966 வரை ப்ளூ நோட் தட்டுகளை நியூஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலை அழுத்தியது. அதன் அடையாளமாக டெட்வாக்ஸில் ஆங்கில "பி" எழுத்தைச் சாய்த்து எழுதியதுபோல் ஒரு கீறல் இருக்கும். பார்க்கக் காது மடல் போலிருப்பதால் எல்லோரும் "காது" என்றே சொல்வார்கள். லிபர்ட்டி கைக்கு வந்ததும் ஆலை மாறியது, காது போனது. ஆனால் கிடங்கில் மிச்சமிருந்த பழைய "நியூயார்க் யுஎஸ்ஏ" லேபிள்களையும் பழைய உறைகளையும் அவர்கள் தீரும்வரை பயன்படுத்தினார்கள். எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. பழைய லேபிள், பழைய உறை, புதிய ஆலை.

இதிலும் ஒரு விலக்கு. கைமாறிய காலத்தில் முதன்முறையாக வெளியான சில தலைப்புகளுக்கு முதல் அச்சே காதில்லாமல்தான் வந்தது. எனவே காது இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது, அந்தத் தலைப்பு எப்போது வெளியானது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வெட்டியவர் யார். வேன் கெல்டர் வெட்டிய தட்டில் கையால் கீறிய "ஆர்விஜி" இருக்கும். பின்னாளில் அது முத்திரையானது, 1960களில் "வேன் கெல்டர்" என்று முழுப் பெயராகவும் வந்தது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நியூஜெர்சி ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்துகொண்டிருந்து, 1959இல் எங்கல்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டுடியோ கட்டிப் போனவர், பதிந்ததைத் தானே வெட்டினார். பல லிபர்ட்டி பிரதிகளில் காது இருக்காது, ஆனால் வேன் கெல்டர் முத்திரை இருக்கும். பழைய உலோக அச்சுகளையே புதிய ஆலையிலும் பயன்படுத்தியதால் வந்தது அது. அதாவது வெட்டு அதே வெட்டு. விலையோ முதல் அச்சின் சிறு பங்கு. நான் அன்று ஏமாந்து வாங்கிய தட்டு அப்படிப்பட்டது என்று சில வருடம் கழித்துத்தான் புரிந்தது. விலைதான் தப்பு, இசை இல்லை. இன்றும் அதை அடிக்கடி கேட்கிறேன்.

நான்காவதாக டீப் குரூவ் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள். லேபிள் பகுதியில் ஆழமாகப் பதிந்த ஒரு வளையம். அழுத்தும் அச்சின் தாங்கு உலோகத்தால் வருவது. 1950களின் தட்டில் அது இருக்க வேண்டும். ஆனால் பழைய தாங்கிகளை ஆலை பின்னும் அவ்வப்போது மாட்டியது. 1960களின் தட்டில் ஒரு பக்கம் வளையம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. ஆகவே வளையம் இருந்தால் மட்டும் முதல் அச்சு ஆகிவிடாது. ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

கொலம்பியா தட்டுகளில் குழப்பம் வேறு மாதிரி. லேபிளில் ஆறு கண் வடிவங்கள் கொண்ட "சிக்ஸ் ஐ" 1962 வரை. டெட்வாக்ஸில் மேட்ரிக்ஸ் எண்ணின் (எந்த வெட்டு என்று காட்டும் எண்ணின்) முடிவில் 1ஏ, 1பி, 1எஃப் என்று வரும். 1ஏதான் முதலில் அழுத்தியது என்று பலர் நினைக்கிறார்கள். கொலம்பியா பல லாக்கர்களை ஒரே நேரத்தில் வெட்டி, வெவ்வேறு ஊர்களில் இருந்த தன் ஆலைகளுக்குப் பிரித்து அனுப்பியது. எனவே 1ஏயும் 1எஃபும் ஒரே வாரத்தில் வெவ்வேறு ஆலையில் ஓடியிருக்கலாம். அந்த எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

உறையும் தட்டும் ஒரே காலத்தவைதானா என்றும் பாருங்கள். நல்ல உறையில் பிந்தைய தட்டைச் செருகி விற்பது அடிக்கடி நடக்கும், பல சமயம் விற்பவருக்கே தெரியாமல்.

"மறுவெளியீடு தட்டையாகக் கேட்கிறது"

எதிலிருந்து வெட்டினார்கள் என்பதே முதல் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை 50 வருடமாக இருந்தது. 2011இல் அதை 70 ஆக்க முடிவெடுத்து, 2013இல் அது நடைமுறைக்கு வந்தபோது, 1962 வரை வெளியான பதிவுகள் ஏற்கெனவே பொதுவுடைமை ஆகிவிட்டன. ஜாஸின் மிகச் செழிப்பான காலம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு சிடியை எடுத்து எல்பியாக அழுத்தலாம், மூல நாடா தேவையில்லை. உறையில் வெட்டியவர் பெயர் இல்லை, நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "180 கிராம்" என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது என்றால் அப்படிப்பட்ட தட்டு என்று சந்தேகிக்கலாம். கனம் ஒலியைத் தராது. வெட்டியவர் பெயர் டெட்வாக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். 2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசையில் ஜோ ஹார்லி மேற்பார்வையில் கெவின் கிரே மூல நாடாக்களிலிருந்து வெட்டுகிறார். பேரும் பொறுப்பும் வெளிப்படையாக இருக்கும் இப்படிப்பட்ட வரிசைகளைத் தயங்காமல் வாங்கலாம்.

கனத் தட்டு போடும்போது ஊசிக்கையின் உயரத்தையும் ஒருமுறை பாருங்கள். மெல்லிய பழைய தட்டுக்கு வைத்த உயரத்தில் தடித்த தட்டு ஓடினால் ஊசியின் சாய்வு மாறும்.

மூலம் சரியாக இருந்தும் "பழைய அச்சின் வேகம் இல்லை" என்று தோன்றினால், ஒலியளவைச் சமன்படுத்திவிட்டீர்களா? வேன் கெல்டர் தட்டுகளைப் பலத்த ஒலியில், அடிநாதத்தை அடக்கி, சற்று இறுக்கி வெட்டினார். அன்றைய எளிய பிளேயர்களில் ஊசி துள்ளாமல் ஓட வேண்டியிருந்தது. இன்றைய வெட்டுகள் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியளவில், அடிநாதத்தை முழுதாக விட்டு இருக்கும். குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் பழையதே வெல்லும், ஏனென்றால் ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை "உயிர்ப்பு" என்று எடுத்துக்கொள்ளும். போனில் உள்ள ஒலிமானிச் செயலியை இருக்கையில் வைத்து, இரண்டிலும் ஒரே பகுதியை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு டிரம்பெட்டைக் கேட்காதீர்கள், அது எல்லா அச்சிலும் கவர்ந்துவிடும். பேஸ் வாசிப்பவரின் விரல் நரம்பைத் தொட்டு விடும் இடத்தைக் கேளுங்கள், சிம்பலில் குச்சி பட்ட பிறகு ஒலி எவ்வளவு நேரம் கரையாமல் நிற்கிறது என்று கேளுங்கள். நாடா முதுமையடைந்திருந்தால் சிம்பலில் முதலில் தெரியும். அங்கே பழைய அச்சு ஜெயிக்கும். பேஸில் பெரும்பாலும் புதிய வெட்டு ஜெயிக்கும். வேன் கெல்டரின் பியானோ மட்டும் எந்த அச்சிலும் சற்றுப் பெட்டிக்குள் இருப்பதுபோலத்தான் இருக்கும். அது அவர் அறையும் மைக்கும். அச்சை மாற்றித் தீராது.

"பாடல் தொடங்கும் முன்பே லேசாகக் கேட்கிறது"

முன்னெதிரொலி. உண்மையான தொடக்கத்துக்குச் சரியாக 1.8 விநாடி முன்பு, தட்டில் எந்த இடத்திலும் அதே இடைவெளியில் வந்தால், பக்கத்துப் பள்ளத்தின் சுவர் வெட்டும்போது சற்று வளைந்திருக்கிறது. வேறு வெட்டில் இருக்காது. இடைவெளி பாடலுக்குப் பாடல் மாறினால், சுருட்டி வைத்த நாடாவின் ஒரு அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் காந்தமாகப் பதிந்திருக்கிறது. அதே நாடாவிலிருந்து வெட்டிய ஒவ்வொரு தட்டிலும் அது வரும். ஊசி இறங்கிய அமைதியில், வாசிக்கப்போகும் முதல் சுரம் தூரத்து அறையிலிருந்து வருவதுபோல் லேசாகக் கேட்டுவிட்டு, பிறகு முழுதாக எழும்.